அறுபத்திரண்டாவது கோடு

வரவுத் தாளில் அறுபத்தொரு பேர்.
கிருபாலினிக்குத் தனித்தாள்,
மேலே 'விசேட மாணவர்' என்று தட்டச்சு.
அவள் கையெழுத்து வைக்க நேரமெடுக்கும்,
இப்படியென்றால் நேரம் மிச்சம் என்றது திணைக்களம்.
ஓம், மிச்சமானது:
கிழமைக்கு ஏழு நிமிடம்.

வந்தாறுமூலை. புவியியல் மண்டபத்துக் காத்தாடி
சுற்றுக்கு ஒருமுறை இருமும்.
நான் அவளுக்குப் பக்கத்துக் கதிரை, 'துணை மாணவி'.
யார் வருவீர்கள் என்று கேட்டபோது
கையை உயர்த்தியது நான்தான்.
வேலைக்கு விண்ணப்பிக்கும்போது
ஒரு வரி கூட எழுதலாமே.

மூன்றாம் நாள் கேட்டாள்:
"என்னோட இரிக்கிறதுக்கு உனக்கு மாக்ஸ் தருவாங்களா?"
இல்லை.
"காசி?"
இல்லை என்றேன். முழு உண்மையில்லை,
பஸ் காசு தந்தார்கள்.
"எனக்கும் ஒண்டும் தரமாட்டாங்க.
வா, கென்டீனுக்குப் போவம்."

அவளைப் பற்றி நல்லதாக எழுதினால்
வாசிக்கிறவர்கள் உடனே கண்ணைத் துடைப்பார்கள்.
அதனால் இதையும் எழுதுகிறேன்:
என் நீலப் பேனையை எடுத்தாள், இன்னும் தரவில்லை.
சாப்பிட்டாயா என்றால் சாப்பிடாமலே ஓம் என்பாள்.
துவாரகனுக்கும் பிறேமவதனிக்கும் நடுவில் என்ன என்பது
பிறேமவதனிக்குத் தெரியமுன்னம்
வகுப்புக்குத் தெரிந்தது இவளால்தான்.
சமவுயரக் கோடு என்றால் என்னவென்று
ஆறுமுறை சொல்லிக் கொடுத்தேன்.
ஏழாம் முறை எனக்கே சந்தேகம் வந்தது.

மழைமானி வாசிக்கும் முறை அவளுக்கும் வந்தது.
காலை எட்டரை.
கண்ணாடி உருளையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி
நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு பார்ப்பாள்.
இலக்கத்தைச் சத்தமாய்ச் சொல்லி, எழுதி,
மறுகா ஒருக்கால் பார்ப்பாள்.
ஒரு மாதமாகியும்
அடுத்த முறை தன்னுடையதென்று ஒருவரும் கேட்கவில்லை.
எங்களுக்கு வசதி.

கார்த்திகையில் கிரான் பாலத்தை வெள்ளம் மூடியது.
அதற்கு அந்தப் பக்கம் அவள் வீடு.
மூன்று நாள் வரவில்லை.
நான்காம் நாள் ஈரச் செருப்போடு வந்து
பதிவுப் புத்தகத்தைத் திறந்தாள்.
மூன்று நாளுக்கும் இலக்கம் இருந்தது:
71.4
88.1
40.5
என் கையெழுத்தில்.

"நீ போய்ப் பாத்தியா?"

நான் விடுதியில் போர்வைக்குள் கிடந்து
ஃபோன் சொன்ன மழையில் கொஞ்சம் கூட்டி,
கொஞ்சம் குறைத்து...
போன வருடமும் அதற்கு முந்தின வருடமும்
எங்கள் புத்தகத்தில் மழை
அப்படித்தான் பெய்தது.

அவள் என் நீலப் பேனையால்
மூன்று இலக்கத்தையும் வெட்டினாள்.
பக்கத்தில், எழுத்தெழுத்தாய்:
மழ பெஞ்சது. நான் வரல்ல.

அன்று பின்னேரம் வரவுத் தாள் வரிசை வரிசையாய் வந்தது.
தனக்கான தாளை எட்டாய் மடித்து
ஆடுகிற கதிரைக் காலுக்குக் கீழே வைத்தாள்.
கதிரை நின்றது.
என் அடிமட்டத்தை எடுத்து
அறுபத்தொன்றுக்குக் கீழே ஒரு கோடு.
62.
கி. ரு. பா.
'லி'யின் சுழியில் பேனை நின்றுவிட்டது.
விரிவுரையாளர் பேச வாயெடுத்து
மணிக்கூட்டைப் பார்த்து, ஜன்னலைப் பார்த்தார்.
பின்வரிசையில் யாரோ "கெதியா, கெதியா" என்றான்.
அவள் கிறுகிப் பார்க்கவில்லை.
"பொறுங்க."
காத்தாடி பதினொரு முறை இருமியது.
நான் எண்ணினேன்,
வேறென்ன செய்ய.

தாளை அலுவலகம் திருப்பி அனுப்பியது.
அறுபத்தொன்றுக்கு மேல் கணினி எடுக்காதாம்.
அடுத்த கிழமையும் அதே தாள்,
அதே அறுபத்தொரு பேர்,
கீழே இரண்டு விரல் அகல வெள்ளை.

அவள் என் பக்கம் கையை நீட்டுகிறாள்.
"அடிமட்டம் கொண்டு வந்தியா?"