வேறு மருந்துகள்

படிவத்தில் அது ஒன்பதாவது கேள்வி.
வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறீர்களா?
பகாவ் அரசாங்கக் கிளினிக்கில்
பதினோரு வருடமாகக் கேட்கிறேன்,
பிரஷர் பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டே.
இல்லை என்பார்கள்.
நானும் கோடிழுத்துவிடுவேன்.

சர்க்குணனைத் தோட்டத்து லோரியில் கொண்டுவந்தார்கள்,
செம்பனைக் குலைகளை ஓரம் தள்ளிப் படுக்கவைத்து.
சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி.
விரலைக் குத்தினேன். இரண்டு புள்ளி ஒன்று.
குளுக்கோஸ் ஏறிக் கண் திறந்ததும்
அருவாத்தடி எங்கே என்று கேட்டார்.
நாங்கள் கொடுத்த மாத்திரையை
ஒருவேளைகூடத் தவறவிட்டதில்லையாம்.
அதற்கு மேல் பாகற்காய்ச் சாறு, ஊறிய வெந்தயம்,
சிறுகுறிஞ்சான் பொடி இரண்டு கரண்டி.
"மருந்தான்னு கேட்டீங்க மிஸ்.
இது இலைதானே."

அன்றிலிருந்து ஒன்பதாவது கேள்வியை
நான் வாசிப்பதில்லை.
வீட்டு அடுப்புல என்ன கொதிக்குது, என்பேன்.
வாய் திறந்துவிடும்.
டிங்கிக் காய்ச்சலுக்கு நிலவேம்பு, பப்பாளி இலை,
சைக்கிளில் வரும் சுத்தினாவின் ஜாமு ஒரு கிளாஸ்,
பாசார் மாலாமில் வாங்கிய, பெயர் ஒட்டாத
கறுப்பு உருண்டை.
மூட்டுவலி மூன்றே நாளில் பறந்ததாம்.
அதை மட்டும் கையோடு கொண்டுவரச் சொல்லி
ஆய்வுக்கு அனுப்பினோம்.
ஸ்டெராய்டு என்று பதில் வந்தது.
இலை என்று ஒன்று
பேருக்குக்கூட அதில் இல்லை.

இடம் போதாமல் படிவத்தின் ஓரத்தில் எழுதுகிறேன்.
டாக்டர் ஹஸ்லினா என் எழுத்தில் தடுக்கி விழுந்தார்:
கீ-ழா-நெ-ல்லி?
கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டு வெடிப்பிலிருந்து
ஒரு கொத்துப் பிடுங்கிவந்து மேசையில் வைத்தேன்.
திருப்பிப் பார்த்தார்.
அட, டுக்கோங் ஆனாக்!
பிள்ளையை முதுகில் சுமக்கிறது.
அவர்களுக்குப் பிள்ளை தெரிந்த இடத்தில்
நமக்கு நெல்லி தெரிந்திருக்கிறது.
ஈரலுக்கு என்ன தெரியும் என்பதை
நாங்கள் இருவரும் அறியோம்.
கணினியில் இரண்டு பெயரையும் தட்டினார்.
பெட்டி ஒன்றைத்தான் ஏற்றுக்கொண்டது.

இன்று புதன், சர்க்கரைக்காரர்கள் நாள்.
வெளியே நகராண்மைக்கழக ஆள் புல் வெட்டுகிறான்,
அந்த இரைச்சலுக்கு மேலே கத்த வேண்டியிருக்கிறது.
எழுபத்து மூன்றாம் எண், கோகிலவாணி.
அடுப்புல என்னம்மா?
"ஒண்ணுமில்ல மிஸ், வெறும் தண்ணி,"
என்கிறாள்,
மஞ்சள் படிந்த விரல்களைக்
கைப்பைக்குக் கீழே நகர்த்தியபடி.

பேனாவை மூடுகிறேன்.
நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துக்கொள்கிறேன்.