அந்தப் படத்தில் யாரும் வீடு திரும்பவில்லை

செவ்வாய் மதியக் காட்சி.
ஓய்வூதியக்காரர்களுக்குப் பாதி விலை, காப்பியும் சேர்த்து.
ஊலுவில் நவம்பர், மூன்று மணிக்கே இருட்டு.
இருட்டிலிருந்து இருட்டுக்குள் போய் உட்கார்ந்தோம்,
மேல்கோட்டை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு.

திரையில் ஒரு நாற்பது வருடத் தம்பதி.
லிஸ்பனுக்குப் போகிறார்கள்.
அவர்கள் பெட்டியை யாரும் அடுக்கவில்லை.
அத்தனை படிகளிலும் அவளுக்கு முட்டி வலிக்கவில்லை.
அவன் ஒருமுறைகூடக்
கழிப்பறை எங்கே என்று கேட்கவில்லை.

சண்டை போட்டார்கள், இல்லை என்று சொல்லவில்லை.
ஆனால் என்ன சண்டை அது!
ஆளுக்கொரு முழு வாக்கியம்,
ஒருவர் முடித்த பிறகே மற்றவர்.
பழைய காதலியின் பெயர், பிறக்காத குழந்தை,
எல்லாம் ஒரே இரவில், ஒரே பால்கனியில்.
விடிந்ததும் ஆடினார்கள்.
வயலின்.

எனக்குப் பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.
நானும் அழத் தயாராகத்தான் வந்திருந்தேன்,
கைக்குட்டையை எடுத்துத் தனியாக வைத்துக்கொண்டு.
போட்ட மடிப்பு கலையாமல் கிடந்தது அது.

எங்களுக்கும் ஒரு பயணம் உண்டு.
தாலின். கப்பலில். மூன்று நாள்.
துறைமுகம் கண்ணை விட்டு மறையும் முன்பே கேட்டேன்:
சௌனா அடுப்பை அணைத்தாயா?
அணைத்தேன் என்றான் ரைமோ.
கோட்டைச் சுவரின் மேல் நின்று கேட்டேன்.
தேவாலயத்தில் மணியடிக்கையில் கேட்டேன்.
பூண்டு மணக்கும் ஒரு நிலவறை விடுதியில்
சூப்புக் கரண்டி பாதி வழியில் நிற்கக் கேட்டேன்.
அணைத்தேன், சிர்க்கா. அணைத்தேன்.
பிறகு பேச்சே இல்லை.
ஊர் முழுக்கச் சுற்றினோம், ஒன்றையும் பார்க்கவில்லை.

வீடு வந்து கதவைத் திறந்ததும்
காலணிகூடக் கழற்றாமல் ஓடினோம்.
இருவரும்.
அவன் எனக்கு முன்னால்.

அடுப்பு சில்லென்றிருந்தது.
அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
அவன் என்னைத் திரும்பிப் பார்த்தானே,
அதற்கு யாரும் வயலின் வாசித்துவிட முடியாது.

விளக்குகள் வந்தன.
பால்கனிக்கு முன்பே தூங்கிப்போனவன்
வாயைத் துடைத்துக்கொண்டு கேட்டான்:
"திரும்பி வந்தார்களா?"
இல்லை, கடற்கரையிலேயே முடித்துவிட்டார்கள்.
"அப்போ பால் கெட்டுப்போயிருக்கும்" என்று
எழுந்து, கோட்டின் வலது கையைத் தேடினான்.
அது உள்பக்கமாக மடங்கியிருந்தது.
எனக்குத் தெரிந்தது. சொல்லவில்லை.
கொஞ்சம் தேடட்டும்.