சூடு போகும் வழி

சோமனூரிலிருந்து போன் வந்தபோது இரவு ஒன்றரை.
"பொட்டி நின்னுபோச்சுங்க. பையன் சார்ஜாவுல இருந்து
காத்தாலதான் எறங்கறான்."
அக்கினி நட்சத்திரம் ஆறாம் நாள்.
கிளாம்ப் மீட்டர், கெபாசிட்டர் நாலு,
பெயின்ட் பிரஷ் ஒன்று,
டேங்க் கவரில் திணித்துக்கொண்டு
கருமத்தம்பட்டியிலிருந்து கிளம்பினேன்.
வழியெல்லாம் தறிச்சத்தம்.
அந்த வீதியில் மட்டும் இல்லை.

உள்ளே படுத்திருந்தவர் மாரப்பண்ணன்.
பன்னிரண்டு தறிக்காரர்.
போன சித்திரையில்
ஒரு டன்னா ஒன்றரை டன்னா என்று
மூன்று தரம் என்னை வரவழைத்து,
டேப் வைத்து அறையை அளக்கவிட்டு,
மோர் கொடுத்து,
கடைசியில் "கரண்டு பில்லு யாரு கட்டறது" என்று
டேபிள் ஃபேன் வாங்கிக்கொண்டவர்.
இப்போது வாடகைக்கு
கால் ஹெச்பி கம்ப்ரசர்.
வியர்த்திருந்தது.
அவருக்கில்லை, கண்ணாடிக்கு.

சுவிட்சைப் போட்டால் உம்மென்று உறுமும்,
பத்து எண்ணுவதற்குள் டக்.
ஓவர்லோடு வெட்டுகிறது.
தொட்டுப் பார்த்தேன், தோசைக்கல்.
முட்டி போட்டு டார்ச்சைப் பல்லில் கடித்துக்
கீழே குனிந்தால்
கண்டென்சர் முழுக்கச் செவ்வந்தி.
உதிர்ந்த இதழ், ஊதுபத்திச் சாம்பல்,
ஃபேன் இறக்கையில் ஏழெட்டுச் சுற்று வாழைநார்.
ஊர் கொண்டுவந்து சாத்திய மரியாதையெல்லாம்
சூடு போகும் வழியில் அடைத்துக் கிடந்தது.

குளிர் என்று ஒன்றை நாங்கள் செய்வதில்லை.
தொழிலுக்கு வந்த முதல் நாளே தெரிகிற சங்கதி.
ஒரு இடத்துச் சூட்டை எடுத்து
இன்னொரு இடத்தில் கொட்டுகிறோம், அவ்வளவுதான்.
கொட்ட இடமில்லை என்றால்
எடுத்தவன் தலையில் ஏறும்.

நாரை அறுத்தேன், பூவைப் பிரஷ்ஷால் தள்ளினேன்.
கஷ்டமான வேலை அதற்குப் பிறகு.
"ஒறம்பரையெல்லாம் சித்த நகுந்து உக்காருங்க.
பொட்டி சொவுத்த ஒட்டக்கூடாது,
ரெண்டடி காத்து வேணும்."
"பொணத்துக்குமா காத்து வேணும்?" என்றார்
தூக்கத்திலிருந்த ஒரு மாமன்.
யாரும் சிரிக்கவில்லை.
ஜமுக்காளத்தோடு சேர்ந்து நகர்ந்தார்கள்.

துளசியக்கா நகரவில்லை.
ஃபேன் சுற்றியதும் அனல்
நேராக அவர் முழங்காலில் அடித்தது.
"அக்கா, இந்தப் பக்கம் வந்துருங்க, சுடும்."
"எங்கிருந்து வருது?"
"உள்ள இருந்துங்க்கா."
"அவரோடதா?"

பாதிக்கு மேல் மோட்டார் சூடு.
மீதியிலும் தகரம், கண்ணாடி,
இடுக்கில் நுழைகிற சித்திரைக் காற்று
எல்லாவற்றுக்கும் பங்குண்டு.
கணக்கு இருக்கிறது, எனக்குப் போடவும் தெரியும்.
"ஆமாங்க" என்றேன்.

சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு
இன்னும் ஒரு சாண் கிட்டே வந்து
இரண்டு உள்ளங்கையையும் அதற்குக் காட்டினார்,
மார்கழியில் அடுப்புக்குக் காட்டுவதுபோல்.
புழுக்கத்தில் மற்றவர்கள்
நியூஸ் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தார்கள்.

ஒன்று புள்ளி ஆறு ஆம்பியர். முள் நின்றது.
மூன்றரைக்குக் கண்ணாடி தெளிந்து
முதலில் மீசை தெரிந்தது.
பிரஷ்ஷில் ஒட்டிய இதழை
எங்கே தட்டுவது என்று தெரியாமல்
பைக்குள்ளேயே வைத்துக்கொண்டேன்.

தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் போகக் கூடாது.
நாலரை மணிக்குப்
பொடக்காலிக் குழாயைத் திறந்தேன்.
மாடித் தொட்டித் தண்ணீர்
நேற்றைய வெயிலை இன்னும் விடவில்லை.