டிசம்பருக்குள் சொல்ல வேண்டும்

சாட்ஸ்வொர்த்தில், சமையலறை மேசைமேல்
இரண்டு காகிதங்கள். இரண்டும் தயாளன் அனுப்பியவை.
ஒன்று விவாகரத்து மனு.
மற்றது மெடிக்கல் எய்ட் படிவம்:
வரும் ஆண்டு எந்தத் திட்டம்?
‘நீயே நிரப்பு’ என்று மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கிறான்.

மலிவானதற்கே டிக் போட்டவள்தான் நானும்.
காலை உடைத்துக்கொண்டால் ஆஸ்பத்திரி,
வேறென்ன வந்துவிடப் போகிறது நமக்கு?
என் மூட்டுகள் அப்போது
வாய் திறந்திருக்கவில்லை.

இப்போது புத்தகத்தைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கிறேன்,
பொடி எழுத்திலிருந்து.
லூபஸ் இருக்கிறதா?
என் மாத்திரை இருக்கிறதா, அல்லது
அதன் ஏழைத் தங்கச்சியா?
ரத்தப் பரிசோதனை வருடத்துக்கு எத்தனை?
முன்பக்கத்தில் ஒரு குடும்பம் கடற்கரையில் ஓடுகிறது.
யாருக்கும் முழங்கால் வீங்கவில்லை.

“இந்த ராண்டில் ஒரு கார் வாங்கலாமே” என்கிறாள் கோகிலா.
அவளுக்கு நோய், வந்தால் வரும் விருந்தாளி.
எனக்கு,
வாடகை தராமல் மாடியில் நடமாடும் குடித்தனக்காரி.

போன் செய்து கேட்டேன்:
விலகித் தனியாகச் சேர்ந்தால்?
“காத்திருப்புக் காலம் இருக்கலாம், மேடம்.”
எத்தனை மாதம்?
“பார்த்துச் சொல்கிறேன்.”
என் நோய்க்குக் காத்திருக்கத் தெரியாதே என்றேன்.
பாட்டுப் போட்டுவிட்டாள்.
ஏழு நிமிடம் கேட்டேன். நல்ல பாட்டுதான்.

மனுவை மடித்து
கரண்டி டிராயரில் வைத்தேன்.
படிவத்தில், விலை கூடிய கட்டத்தில் டிக்.
உறவு என்ற இடத்தில்
மனைவி.
எழுத்து கொஞ்சம் கோணல்.
காலை வேளையில்
விரல்கள் அப்படித்தான்.