கூலர் லொறியில் பதினொரு பேர்

மோட்டர் எரிந்துபோனது. ஐஸ் பெக்டரிக்கு மூன்று நாள் பூட்டு.
லொறி சும்மாதானே நிக்குது,
டீசல் காசைப் பங்கு போட்டால் சரி என்றார் றொனால்ட் செல்லர்.
முன்னால் அவரும் மகளும்.
மிச்சம் ஒன்பது பேர் பெட்டிக்குள்
பாய் விரித்து, மீன்வாடைக்கு மேல் பன்னீர் தெளித்து.

ஜன்னல் இல்லாத பெட்டி.
மூச்சுவிடப் பின்கதவைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தோம்.
அதனால் வாழைச்சேனையிலிருந்து மகாஓயா வரை
நாங்கள் கண்டதெல்லாம்
கடந்துபோனவை மட்டும்.
செங்கலடிச் சந்தி விலகிப்போகும்போதுதான்
அது சந்தி என்று தெரிந்தது.
கறுத்தப்பாலம் கடகடத்து முடிந்த பிறகு ஆறு வந்தது.
எங்களைப் போகவிட்டு ஒரு மயில் ரோட்டைக் கடந்தது.
"நாம போகட்டுமெண்டு நிண்டதோ?" என்றார் ஆதம்பாவா.
ஒருவரும் பதில் சொல்லவில்லை, வாய் நிறைய வெற்றிலை.

கரடியனாறு தாண்ட வயல் குறைந்தது.
யானைவேலி, எருமை, எரித்த சேனை,
சுவரும் கூரையும் இல்லாத ஒரு பிள்ளையார்.
புல்லுமலைக்கு மேலே ஏறும்போது
சாக்குச் சுற்றிய கடைசி ஐஸ் பார்
மூலையிலிருந்து புறப்பட்டுக் கதவை நோக்கி வழுக்கியது.
தெய்வநாயகி காலை நீட்டித் தடுத்தாள்.
பிறகு வழி முழுக்க அந்தக் காலை எடுக்கவில்லை.

நான் டோக்கன் எழுதுகிறவள்.
என் விரலில் மை, இவர்கள் விரலில் பனி.
பதினாறு வருஷமாய் இவர்களின் கையை மட்டும்
கவுண்டர் ஓட்டையால் கண்டிருக்கிறேன்.
கையெழுத்து வைக்கப் பேனையைத் தூக்குவார்கள்.
விழும். தூக்குவார்கள். விழும்.
சிரிப்போம்.

இறங்கின இடத்தில் மூன்று மொழிப் பலகை.
தமிழில்: "வெந்நீர் முகம்."
"அரவு ஒண்டு குறையுது" என்றேன்.
சின்னவன் கிருபைராசா அரவைப் போட்டு வாசித்தான்.
பிறகு கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.
சிலருக்கு அது சுனாமி வருஷம்,
சிலருக்கு அதற்கு முந்தி,
செல்லருக்கு எது என்று எனக்குத் தெரியாது.
"காசு குடுத்து முகாமுக்குள்ள போறது
இதுதான் முதல் தரம்" என்றாள் தெய்வநாயகி.
நூற்றைம்பது ரூபாய் வீதம் கட்டினோம்.

ஏழு கிணறு, ஏழு சூடு.
இடுப்பளவு மதில், மேலே ஆவி,
அடியில் யாரோ போட்ட முட்டைக்கோது.
உதுமாலெப்பைக்கு வலது கையில் மூன்று விரல் செத்துப்போனவை.
முதல் கிணற்றில் விட்டார். "ஒண்டுமில்ல."
இரண்டாவதில், "ஒண்டுமில்ல."
நாலாவதில் நாங்கள் கையை உதறிக்கொண்டு குதிக்கிறோம்,
அவர் தயிர்ச்சட்டிக்குள் விட்டதுபோல் நிற்கிறார்.
தோல் சிவந்தது எங்களுக்குத்தான் முதலில் தெரிந்தது.
தெய்வநாயகி மணிக்கட்டைப் பிடித்து வெளியே இழுத்தாள்.
"பொறு கா, பொறு" என்றார்,
"ரெண்டு விரலுக்கு ஊசி குத்துது.
மற்றது வரேல்ல."

முகாமைப் பார்க்கும் குசுமாவதி
லொறிக்குப் பின்னால் வந்து நின்றாள்.
முட்டை அவிக்க விறகு தேடாத பெண்,
வாசலில் சுடுதண்ணி வைத்திருப்பவள்,
எங்களிடம் கேட்டது ஐஸ்.
புருஷன் காவல்பரணிலிருந்து விழுந்திருக்கிறான், முழங்கால் பூசணிக்காய்.
பார் அப்போது பாணளவுக்கு வந்துவிட்டது.
ஆதம்பாவா கத்தியின் பின்புறத்தால் ஒரே தட்டு.
எங்கே தட்டினால் உடையும் என்று அவருக்குத் தெரியும்.
பாதி அவளுக்கு. பாதி சோடாவுக்கு.

இரவு கூடாரத்துக்கு வெளியே தூரத்தில் யானைவெடி.
முதல் வெடிக்கு ஒன்பது பேர் எழுந்து உட்கார்ந்தோம்.
கிருபைராசா எழும்பவில்லை.
அவனுக்குப் பத்தொன்பது வயது,
வாயைத் திறந்து நல்ல நித்திரை.

வியாழக்கிழமை மோட்டர் ஓடியது.
ஓட்டைக்குள்ளால் உதுமாலெப்பையின் கை வந்தது,
பேனையைத் தூக்கியது,
பேனை விழுந்தது.
குனிந்து எடுத்துக்கொண்டே சொன்னார்:
"இது மற்ற விரல்."