மூட்டு

விடிய இன்னும் நேரமிருக்கிறது.
பினாங்குப் பாலத்தில் கார் இல்லை,
ஆயிரம் காலணிகளின் தூறல்.

மூன்று வருடம் இதே பாலத்தில்
செபராங் ஜெயா மருத்துவமனைக்குப் போனேன்,
பின்சீட்டில் கால் நீட்டி.
பாலத்தின் இரும்பு மூட்டு வரும்போதெல்லாம்
என் வலது மூட்டு 'டக்' என்று பதில் சொல்லும்.
"ஓட்டம் போதும், காக்கா" என்றாள்
பிசியோ கைருனிசா.

இன்று அவற்றை மிதித்துத் தாண்டுகிறேன்.
எண்ணவில்லை என்றால் பொய்.

பதினைந்தாம் கிலோமீட்டரில் ஒரு பையன்,
"ஆண்டி, மெதுவா போங்க லா."
பதினெட்டில் அவன்
தடுப்புக் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றான்.
என் தண்ணீரைக் கொடுத்துவிட்டு ஓடினேன்,
கொஞ்சம் திமிரோடுதான்.

கடிகாரத்தில் இரண்டு மணி நான்கு நிமிடம்.
முப்பத்தொரு வயதில் ஒன்று இருபத்தாறு.
அந்தப் பெண் எப்போதோ வந்து சேர்ந்து
குளித்து, சாப்பிட்டுத் தூங்கியிருப்பாள்.
தூங்கட்டும்.

ஆயர் ஈத்தாமில் லிஃப்ட் மறுபடியும் பழுது.
நான்கு மாடி.
கழுத்தில் பதக்கம் ஆட,
கைப்பிடியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக,
நல்ல காலை முதலில் வைத்து.