கதவோரத்து மஞ்சள் தாள்

கம்லூப்ஸ். ட்ரெய்லர் விற்கும் முற்றம்.
ஒன்பதாயிரம் இறாத்தல் இழுக்குமாம் எங்கள் பிக்கப்.
விற்பவன் சொல்கிறான்,
யசோதரன் தலையாட்டுகிறார்.

நான் சாரதிக் கதவைத் திறந்து
மஞ்சள் தாளைப் படித்தேன்:
ஆட்களும் சாமானும் சேர்த்து
ஆயிரத்து நானூற்று எண்பது.
அதற்குமேல் இல்லை.

பின்னால் குந்தப்போகும் பாரம் மட்டும்
தொள்ளாயிரத்து முப்பது.
கொக்கியே எண்பது.
பிள்ளைகள் இரண்டும் நூற்று நாற்பது, நாய் அறுபது,
அவர் நூற்றுத் தொண்ணூறு.
மிச்சம் எண்பது.

பென்சில் என்னைப் பார்த்தது.

பதினேழு வருசம் அவருக்கும் சொல்லாத எண்ணை
ஒரு ரசீதின் முதுகில் எழுதினேன்.
கோக்கிஹாலா இறக்கம்
இருவர் கண்ணிலும் ஒருமுறை போய்வந்தது.

"அந்தச் சின்னது என்ன விலை?"
கடைசி வரிசையில் நின்ற பதினாறடியைக்
காட்டிக் கேட்டார்.

அரிசி மூட்டையை நான் இன்னும் சேர்க்கவில்லை.